மறைந்த கலைஞர்களில் ஒருவரை மட்டும் நேரில் கேட்கலாம் என்றால் யாரை? (காரணத்தோடு எழுதவும்)

திருவான்மியூர்க்காரன்:

டிசம்பர் சீசன் கச்சேரி அட்டவணைகள் வர ஆரம்பித்துவிட்டன. கூடவே "அந்தக் காலத்துல கேக்கணும்..." பேச்சும். அதையே கொஞ்சம் உருப்படியாகப் பேசலாமே என்று இந்த இழை.

ஒரே ஒரு கலைஞர், ஒரே ஒரு கச்சேரி. நிபந்தனை இதுதான்: "தெய்வீகம்", "இனி ஒருத்தர் பிறக்கணும்" வகையறா வேண்டாம். பதிவில் கிடைக்காத எது நேரில் கிடைத்திருக்கும் என்று சொல்லுங்கள். செம்மங்குடி 2003 வரை இருந்தார், எம்.எஸ். 2004 வரை, லால்குடி 2013 வரை. மணிக்கணக்கில் நல்ல டேப்புகள் இருக்கின்றன. அவர்களைப் பதிவு பெரிதாக ஏமாற்றவில்லை என்பது என் கட்சி. பதிவு யாரை அதிகமாக ஏமாற்றியது? எங்கே உட்கார வேண்டும் (அல்லது நிற்க வேண்டும்), மைக் உண்டா, இன்றைக்குச் சென்னையில் அதன் பக்கத்திலாவது போக வழி உண்டா என்பதையும் சேர்த்தால் புண்ணியம்.

மாடவீதி:

நாகஸ்வரம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). இடம் சபா இல்லை, கோயில் வீதி. ராத்திரிப் புறப்பாடு, மைக் கிடையாது.

முதலில் வாத்தியத்தைப் பார்ப்போம். நாகஸ்வரத்தின் உலவில் (நீண்ட மரக்குழலில்) மேலே ஏழு விரல் துளைகள், கீழே இன்னும் ஐந்து. அந்த ஐந்தையும் விரல் தொடாது. சுருதிக்கு ஏற்ப மெழுகு வைத்து அடைப்பதற்கும் பாதி திறந்து விடுவதற்கும்தான் அவை. ஊதும்போது ஸ்வரத்தின் கனம் பெரும்பாலும் திறந்திருக்கும் முதல் இரண்டு மூன்று விரல் துளைகள் வழியாக வெளியே வரும். அணசு (அடிப்புனல்) வழியாக வருவதில் கூர்மையான மேலொலிகள் அதிகம். மண்டபங்களில் மைக்கை நேராக அணசின் வாயில் கொண்டுபோய் வைக்கிறார்கள். கனம் போய்க் கீச்சு மட்டும் பெரிதாகிறது, "நாகஸ்வரம் காதைக் கிழிக்குது" என்று பழி வாத்தியத்தின் மேல் விழுகிறது. ஏழெட்டு அடி தள்ளி, வாசிப்பவர் கை உயரத்துக்கு மைக் வைத்தால் பாதிக் குறை தீரும். பக்கத்தில் தவில் இருப்பதால் யாரும் அப்படி வைப்பதில்லை, அந்த மைக்கில் தவில்தான் முதலில் ஏறும்.

அடுத்தது பாரி என்னும் நீள நாகஸ்வரம். முன்பு புழங்கிய திமிரி குட்டையானது, சுருதி உச்சம். அதில் சுத்த மத்யமம் (தாழ்ந்த ‘ம’) தானாக விழாது. துளையைப் பாதி மூடி, உதட்டு அழுத்தத்தை மாற்றிக் கொண்டுவர வேண்டும். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி ராஜரத்தினத்துக்காகச் செய்த நீளமான பாரியில் சுத்த மத்யமம் இயல்பாக அமைந்தது. சுருதியும் ரெண்டு, ரெண்டரைக் கட்டைக்கு (ஹார்மோனியக் கட்டைகளை வைத்துச் சொல்லும் சுருதி அளவு) இறங்கியது. சுத்த மத்யமம் உள்ள தோடி ராகத்துக்கு இது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. விலையும் உண்டு: உலவு நீளம், மூச்சு அதிகம் கேட்கும். காய்ந்த சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) பிளிறும், அதிகம் ஊறினது மந்தமாகிச் சுருதி இறங்கும். அதற்காகத்தான் நாலைந்து சீவாளிகளை வாத்தியத்திலேயே கட்டித் தொங்கவிடுவது. அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. (நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. நாகஸ்வரம் செய்யும் ஆச்சா மரம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. பழைய வீடு இடிக்கும்போது வரும் உத்தரத்தையும் தூணையும் தேடிப் போகிறார்கள்.)

மூன்றாவது, நேரம். ராத்திரி முழுக்கத் தோடி வாசித்த மனிதரைக் கல்தட்டின் (பழைய கிராமபோன் இசைத்தட்டின்) ஒரு பக்கத்தில், மூன்றேகால் நிமிடத்தில் அடைத்திருக்கிறார்கள். வானொலிப் பதிவுகள் கொஞ்சம் தேவலை, ஆனால் அவையும் ஸ்டுடியோ. வீதியில் வாசிப்பவருக்குக் கடிகாரம் இல்லை; சுவாமி நகர்ந்தால்தான் அவர் நகர வேண்டும். ஒரே காந்தாரத்தில் (‘க’ ஸ்வரத்தில்) நின்று விளையாட அதுதான் இடம்.

நிற்கும் இடம்: நேர் எதிரே வேண்டாம். முப்பது, நாற்பது அடி தள்ளி, தவிலின் வலந்தலை (வலக்கைப் பக்கத் தோல்) நம்மைப் பார்க்காத பக்கமாக. வலந்தலையை விரலில் கூடு மாட்டி வாசிக்கிறார்கள். அந்த வெடிப்பு நேராக வந்தால் நாகஸ்வரத்தின் மெல்லிய பிடிகள் காதில் தங்காது. இடந்தலைக் குச்சியின் சத்தம் அவ்வளவு தொந்தரவு செய்யாது.

இன்றைக்கு வேண்டுமானால் மயிலாப்பூர் பங்குனிப் பெருவிழா. அறுபத்துமூவர் அன்று வேண்டவே வேண்டாம், பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கி. மற்ற நாட்களின் இரவுப் புறப்பாட்டில், புறப்பாட்டுக்கு முதலில் வாசிக்கும் மல்லாரி முடிந்து ராகம் எடுக்கும் நேரம் பார்த்து, சுவாமி திரும்புகிற மாடவீதி மூலையில் நில்லுங்கள். இரண்டு பக்கமும் சுவர் இருப்பதால் ஒலி கொஞ்சம் தங்கும். திறந்த மைதானத்தில் அது கிடைக்காது.

நகமீட்டு:

மாடவீதி சாருக்கு நேர் எதிர்த் திசையில் என் ஓட்டு. வீணை தனம்மாள் (1867–1938). ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ணா தெரு வீடு, வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

ராஜரத்தினம் பதிவில் குறைந்துபோனார். தனம்மாள் பதிவில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஏன் என்று பாருங்கள். வீணையைத் தட்டியவுடன் ஒலி உச்சத்துக்குப் போய் அப்போதே இறங்க ஆரம்பித்துவிடும். தனம்மாள் வழியில் ஒரு மீட்டுக்குள் நாலு ஸ்வரம் கம்பியை இழுத்தே பேசும். அதாவது கமகத்தின் (ஸ்வரத்தை அசைப்பதன்) பின்பாதி முழுக்க, ஒலி அடங்கிக்கொண்டே போகும்போது நடக்கிறது. போதாததற்கு அவர் விரலில் கம்பி மீட்டி மாட்டுவதில்லை, வெறும் நகம்தான். "டங்" என்ற முதல் அடி மென்மை, மொத்தச் சத்தமும் சின்னது. 1930-களின் கல்தட்டில் ஊசி உரசும் இரைச்சல் நிரந்தரமாக ஓடிக்கொண்டிருக்கும். ஒலியின் வால், அதாவது அடங்கிப்போகும் அந்தப் பின்பாதி, அந்த இரைச்சலுக்குக் கீழே போனதும் நமக்குக் கேட்பது மீட்டுகள் மட்டும். "விட்டுவிட்டு வாசிக்கிறாரே" என்று புதிதாகக் கேட்பவர் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

இதே சிக்கல் இன்றைய அரங்கிலும் உண்டு. ஏசி ஓடும் ஹாலில் ஒருவரும் வாய் திறக்காவிட்டாலும் 35–40 டெசிபல் இரைச்சல் இருக்கும். அதை மீற கான்டாக்ட் மைக்கைக் குடத்துப் பலகையில் ஒட்டுகிறார்கள். அது வாலைத் தூக்கிக் கொடுக்கும், உண்மை. ஆனால் மெட்டில் (வீணைத் தண்டின் குறுக்கே உள்ள உலோகத் தடுப்பில்) விரல் தேயும் சத்தத்தையும் சேர்த்துத் தூக்கும். பெரிதாகப் பேச வேண்டிய ஸ்வரமும் முணுமுணுக்க வேண்டிய ஸ்வரமும் ஒரே அளவில் வந்து நிற்கும். பதம் (மெதுவான, பாவம் மிகுந்த பாட்டு) வாசிக்கும்போது இதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது.

வீணை வைத்திருப்பவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு. மெட்டுகள் 24-ம் மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. சென்னை வெயிலில் மூடிய காரில் அரை மணி விட்டால் போதும், மெழுகு இளகி மெட்டு சாயும். நேராக அழுத்தி வாசிக்கும்போது கண்டுபிடிக்க முடியாது. சாரணியை (முதல் வாசிப்புக் கம்பியை) பக்கவாட்டில் இழுத்தால்தான் கம்பி அடுத்த மெட்டில் உரசி "ஜிர்" என்னும். மேளம் கட்டுபவர் (மெட்டுகளை மெழுகில் பொருத்துபவர்) வீட்டுக்கு வந்தால் எல்லா மெட்டிலும் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். தட்டிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடாதீர்கள்.

அருகில் போக வழி: முதலில் பேத்திகள் டி. பிருந்தா, டி. முக்தா இருவரும் பாடிய பதங்களைக் கேளுங்கள். ஸ்வரம் எங்கே முடிகிறது, எங்கே தேய்கிறது என்பது குரலில் தெளிவாக இருக்கும். அதே பதம், அதே ராகம் காதில் ஏறிய பிறகு பாட்டியின் தட்டைப் போட்டால் இரைச்சலுக்கு அடியில் இருப்பதைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன். நேரில் என்றால், தெரிந்த வைணிகர் ஒருவரை வீட்டு ஹாலில், ராத்திரி பத்து மணிக்கு மேல், ஃபேனை நிறுத்திவிட்டு, மைக் இல்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள். ஆறு அடிக்குள் உட்காரணும். ஃபேனை நிறுத்துவது இந்த ஊரில் பெரிய தியாகம்தான், ஆனால் அதன் இறக்கை ஒலியை நறுக்கி நறுக்கி அனுப்புவதைக் கேட்டவர்கள் தாங்களே சுவிட்சைத் தேடிப் போவார்கள்.

மந்தைவெளி:

புல்லாங்குழல் மாலி. ஆனா டிக்கெட் காசு திருப்பித் தருவாங்கன்னு சபாக்காரர் எழுதிக் கொடுக்கணும். வருவாரா, வந்தாலும் எவ்வளவு நேரம் வாசிப்பாருங்கறது அவர் இஷ்டம்.

தொப்பிக்காரர்:

எல்லோரும் மேடையின் நடுவைப் பார்க்கிறீர்கள். பதிவு அதிகம் ஏமாற்றியது மிருதங்கத்தை, அதிலும் தொப்பியை (அதன் தாழ்ந்த நாதப் பக்கத்தை).

பாலக்காடு மணி ஐயர் (1912–1981) பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள், சொல்வதும் நியாயம். மிருதங்கக்காரர்களில் முதல் சங்கீத கலாநிதி (1966) அவர். ஒரு கட்டத்தில் மைக் வைத்தால் வாசிக்க மாட்டேன் என்று நின்றவர். ஆனால் என் தேர்வு பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). புதுக்கோட்டை வழி, இடக்கை வாசிப்பு, தொப்பியில் கும்கி.

இடக்கை என்றால் மேடைச் சிக்கல் என்னவென்று தெரியாதவர்களுக்கு: வழக்கமாக மிருதங்கம் பாடகரின் வலப்பக்கம், வயலின் இடப்பக்கம். அந்த அமைப்பில் வலந்தலை (மிருதங்கத்தின் சுருதி சேர்க்கும் பக்கம்) சபையைப் பார்க்கும். இடக்கைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்தால் சபையைப் பார்ப்பது தொப்பி, வலந்தலையின் சாப்பு (கணீரென்ற அடி) திரைச்சீலைக்குப் போகும். இடம் மாற்றிக்கொள்ள வேண்டும், அதற்கு வயலின்காரர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காதவர்கள் இருந்தார்கள். பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் விடாப்பிடியாகப் பழனியைத் தன் கச்சேரிகளில் வாசிக்க வைத்தார்.

சரி, பதிவில் என்ன போயிற்று? தொப்பியின் அடிநாதம் சுமார் 100 ஹெர்ட்ஸ் அருகிலும் அதற்குக் கீழும். கும்கி என்பது உள்ளங்கை விளிம்பால் தோலை அழுத்தி அந்த நாதத்தை மேலே வழுக்கவிடுவது. கொட்டகைகளில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. பழைய ரேடியோ பெட்டியும் அப்படித்தான். ஆக அந்தக் காலத்தில் மைக் வைத்த கச்சேரியில் பின்வரிசைக்காரருக்குக் கூடப் பாதி மிருதங்கம்தான் கிடைத்தது. இன்றைக்கு மொபைல் ஸ்பீக்கரில் கேட்பவரும் அதே நிலையில்தான் இருக்கிறார்.

தொப்பி ஒலி அந்தந்த நேரத்து ரவைப் பசையைப் பொறுத்தது. ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து கச்சேரிக்கு முன் தொப்பியின் நடுவில் அப்புவார்கள். தண்ணீர் அதிகமானால் நாதம் சளசளக்கும், பசை நகரும். குறைந்தால் முதல் அரை மணிக்குள் வெடித்து உதிரும். சரியாகவே வைத்திருந்தாலும் ஈரம் போகப் போக எடை குறைந்து அடிநாதம் மேலே ஏறும். அதனால்தான் பாட்டுக்குப் பாட்டு விரலில் தண்ணீர் தொட்டுத் தடவுகிறார்கள், சிலர் கொஞ்சம் ரவை கூட்டுகிறார்கள். டிசம்பரில் இன்னொரு தொல்லை: வெளியே மழை ஈரம், உள்ளே ஏசி. ஈரத்தில் தொய்ந்திருந்த தோல் உள்ளே வந்ததும் இறுகும், வலந்தலைச் சுருதி ஏறும். கல்லால் பின்னலின் விளிம்பைத் தட்டிச் சேர்த்த சுருதி இருபது நிமிடத்தில் விலகிவிடும். மேடைக்கு அரை மணி முன்பே வாத்தியத்தை அரங்குக்குள் வைத்துவிட வேண்டும். மேடைக்குப் பின்னால் உள்ள அறையில் சுருதி சேர்த்துக்கொண்டு நேராக மேடைக்கு வருபவர்கள் வர்ணம் முடிவதற்குள் கல்லைத் தேடுவார்கள்.

இடம் கேட்டீர்களே: எழும்பூர் மியூசியம் தியேட்டர். 1896-இல் கட்டியது, சுமார் 600 பேர், அரைவட்ட வரிசைகள், மைக் இல்லாமலே பின்வரிசைக்குக் குரல் போகும். நாலாவது வரிசை, தொப்பிப் பக்கம். மியூசிக் அகாடமி (இப்போதைய அரங்கு 1962) மைக்கை நம்பிக் கட்டியது, இந்த வேலைக்கு வேண்டாம்.

நகமீட்டு:

தொப்பிக்காரர் சார், ஒரு சந்தேகம். மைக் இல்லையென்றால் அந்தத் தொப்பியே பாடகரை மூழ்கடிக்காதா?

தொப்பிக்காரர்:

மூழ்கடிக்காது, பாடகர் அந்தக் காலத்துச் சுருதியில் பாடினால். காது 2000–4000 ஹெர்ட்ஸ் பக்கம் அதிகக் கூர்மை. உச்சச் சுருதியில் திறந்து பாடும் குரலுக்கு அங்கே பலம் உண்டு, தொப்பி அந்தப் பக்கமே வராது. இடைஞ்சல் செய்வது வலந்தலையின் சாப்புதான். அதை அனுபல்லவி வரை அடக்கி வாசிப்பதுதான் பக்கவாத்தியத்தின் கலை. 1930-களில் மைக் வந்த பிறகு ஆண்கள் சுருதியை இறக்கினார்கள், குரலையும் அடக்கிக்கொண்டார்கள். இன்றைய ஒன்றரைக் கட்டைப் பாடகரை மியூசியம் தியேட்டரில் மைக் இல்லாமல் உட்கார வைத்தால் நீங்கள் சொல்வது நடக்கும்.

வடபழனி:

கச்சேரிதான் வேணுமா? நான் எம்.எஸ். விஸ்வநாதன் (1928–2015) ரெக்கார்டிங் கேப்பேன். 1960-கள், அதுவும் டி.கே. ராமமூர்த்தியோட சேர்ந்து செஞ்ச 1965-க்கு முந்தின காலம்.

அப்ப தனித்தனி டிராக் கிடையாது. பாடகர், வயலின் கூட்டம், தபலா, குழல் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே டேக்கில், மோனோவில் விழணும். கடைசி சரணத்தில் ஒருத்தர் ஒரு அடி தவறினா எல்லாரும் பல்லவியிலிருந்து. மிக்ஸிங்ங்கறது நாற்காலி போடுறதுதான்: குழலும் கிட்டாரும் மைக்குக்குக் கிட்ட, வயலின்கள் தள்ளி, பித்தளை வாத்தியம் சுவரோரம், பாடகர் கண்ணாடி அறைக்குள்ள. நாற்காலியை ரெண்டடி நகர்த்தினா பாட்டோட நிறமே மாறிடும். நமக்குக் கிடைச்சது அந்த மோனோவில் விழுந்தது மட்டும். நடுவில் நின்னு கேட்டிருந்தா வயலின் பகுதி எவ்வளவு அடர்த்தின்னு தெரிஞ்சிருக்கும். பின்னால் மேடையில் நடந்த மெல்லிசைக் கச்சேரி எதிலும் அத்தனை வாத்தியம் இல்ல, ரெண்டு கீபோர்டு அந்த இடத்தை நிரப்பிடும். அதனால என் நாற்காலி ஸ்டுடியோவில்தான்.

திருவான்மியூர்க்காரன்:

வடபழனி சார், கேள்வியின் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள், ஆனால் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரு துணைக்கேள்வி. நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவை (1906–1933) யாராவது சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். டேப் வருவதற்கு முன்பே போய்விட்டவர், இருப்பதெல்லாம் கல்தட்டு. இணையத்தில் ஒரே பாட்டு மூன்று பிரதிகளில் மூன்று சுருதியில் கிடக்கிறது. குரல் உண்மையிலேயே அவ்வளவு உச்சமா, தட்டு வேகமாக ஓடுகிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

எழுபத்தெட்டு:

முழுசாகக் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் நெருங்கலாம். "78" (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்பது பிற்காலத்தில் நிலைத்த எண். பதிவு செய்யும்போது 76-லும் ஓடியிருக்கும், 80-லும் ஓடியிருக்கும். அதை 78-இல் ஓட்டினால் சுருதி விலகும். வேகத்தில் சுமார் 6 சதவீதம் என்றால் அரைக் கட்டை போய்விட்டது.

நாடகப் பாட்டில் ஒரு வசதி உண்டு: ஹார்மோனியம். வயலினை எங்கே வேண்டுமானாலும் சேர்க்கலாம், ஹார்மோனியத்தின் ரீடு நகராது. ட்யூனர் செயலியில் ஹார்மோனியத்தின் ஸட்ஜத்தை (‘ஸ’) மட்டும், பாடகர் மூச்சு விடும் இடத்தில் பிடித்துப் பாருங்கள். பக்கத்துக் கட்டையிலிருந்து 40 சென்ட் (அரைக் கட்டைக்கு 100 சென்ட்) மேலே காட்டினால் தட்டு சுமார் 2.3 சதவீதம் வேகம். ஆடாசிட்டி ஒலித்தொகுப்பு மென்பொருளில் "சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்" போட்டு அந்த அளவு குறைக்கவும். "சேஞ்ச் பிட்ச்", "சேஞ்ச் டெம்போ" இரண்டையும் தொடாதீர்கள். அவை சுருதியையும் காலத்தையும் பிரித்துவிடும், தட்டில் இரண்டும் சேர்ந்துதான் விலகுகின்றன.

இதில் இரண்டு ஓட்டைகள். பழைய ஹார்மோனியங்கள் எல்லாம் 440-க்குச் சேர்த்தவை அல்ல, 20–30 சென்ட் பிழை மிச்சம் இருக்கும். இரண்டாவது, சரியாக ஒரு அரைக் கட்டை தள்ளி ஓடினாலும் ஸட்ஜம் இன்னொரு கட்டையில் அழகாக உட்காரும். நாலா, நாலரையா என்று ட்யூனர் சொல்லாது. அங்கே காதுதான். பிருகாவை (வேகமான ஸ்வரச் சரத்தை) பார்த்து ஏமாறாதீர்கள், கிட்டப்பாவின் பிருகா இயல்பிலேயே அசுர வேகம். "ழ", "ற" போன்ற மெய்கள் வரும் இடங்களையும், நெடில் முடிவில் குரல் அதிர்வதையும் கேளுங்கள். வேகம் அதிகமான பிரதியில் வாய் சின்னதாகிவிட்ட மாதிரி, சிறுவன் பாடுகிற மாதிரி இருக்கும்.

பிரதி எடுப்பவர்களுக்கு: எல்.பி. ஊசியால் கல்தட்டை ஓட்டாதீர்கள். பள்ளம் அகலம், அந்த ஊசி அடியில் போய்க் குப்பையைக் கிளறும். சுமார் 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி வேண்டும். எடுத்த பிறகு இரண்டு சேனலையும் கூட்டி மோனோ ஆக்கினால் செங்குத்து இரைச்சல் பெருமளவு அடிபடும். இரைச்சல் நீக்கும் கருவியைக் கடைசியில், கொஞ்சமாக. நகமீட்டு சொன்ன தனம்மாள் தட்டுகளில் அதைப் போட்டால் முதலில் போவது அந்த வால்தான். வாலுக்கும் உரசலுக்கும் மென்பொருளால் வித்தியாசம் பார்க்க முடியாது.

வீட்டில் கருவி இல்லாதவர்கள் மியூசிக் அகாடமி வளாகத்தின் டேக் ஒலிக்காப்பகத்தில் உட்கார்ந்து கேட்கலாம். தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் இசைத்தட்டுச் சேகரிப்பு உண்டு.

மாடவீதி:

எழுபத்தெட்டு சார், இதே முறை நாகஸ்வரத் தட்டுக்கும் ஓரளவு ஒத்துவரும். ஹார்மோனியம் இல்லைதான், ஆனால் பாரியின் நீளம் நிலையானது. சீவாளியை மாற்றியும் மெழுகை நகர்த்தியும் சுருதியைக் கொஞ்சம்தான் அசைக்கலாம். ராஜரத்தினத்தின் பாரிப் பிரதி ஒன்று நாலு கட்டையில் கேட்டால் வேகத்தைச் சந்தேகப்படுங்கள். அதற்கு முன் அது ஆரம்பகாலத் திமிரிப் பதிவா என்று தட்டின் தேதியைப் பாருங்கள். திமிரி என்றால் குறைக்காதீர்கள், அது அப்படித்தான் கத்தும்.